பூசணி என்று எழுதிய டப்பா

பச்சை மூடி போட்ட அந்த டப்பாவின் மேல் 'பூசணி' என்று எழுதி ஒட்டியது நான்தான். உள்ளே பூசணியோடு கோழியும் மசித்து வைத்திருந்தேன்.

மகளுக்கு அப்போது எட்டு மாதம். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு, சொட்டு மருந்தோடு இறைச்சியையும் மசித்துக் கொடுங்கள் என்று கிளினிக்கில் தாதி சொல்லியிருந்தார். கெப்பாலா பத்தாஸ் என்ற ஊரில் கோழியும் மீனுமாக வளர்ந்தவள் நான். கணவருடையது யாழ்ப்பாண வழி வந்த சைவக் குடும்பம். ஜார்ஜ் டவுனில் இருந்த அந்த வீட்டுச் சமையலறைக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. அரசாங்க அலுவலகத்தில் கிராணியாகக் கோப்புகள் எழுதி ஓய்வு பெற்ற மாமனார் அதிர்ந்து பேசாதவர். அதனாலேயே அவரிடம் எனக்குப் பயம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றார் கணவர். தோழி வீட்டில் சமைத்து எடுத்துவந்து, வாசலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து, திருடியைப் போல மகளுக்கு ஊட்டினேன்.

ஒரு சனிக்கிழமை, நான் வேலை பார்த்த பத்து காவான் தொழிற்சாலையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். கணவர் வெளியூரில் இருந்தார். பிள்ளையை மாமனாரிடம் விட்டு, கஞ்சி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். மிச்சத்தைப் போட்டு ஐஸ்பெட்டியில் வைத்திருந்த டப்பாவை மறந்துபோனேன்.

மதியம் திரும்பியபோது அது மேசையில் திறந்து கிடந்தது. மாமனார் மசியலை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தட்டில் நகத்துண்டு அளவில் ஓர் எலும்புச் சில்லு.

"பூசணிக்காயில எலும்பு இருக்குமா பிள்ளை?" என்றார்.

மகளுக்கு அதைக் கஞ்சியில் கலந்து இரண்டு கரண்டி ஊட்டிவிட்டாராம். மூன்றாவதை, கட்டி இருக்கிறதா என்று நசுக்கிப் பார்த்தபோது விரலில் எலும்பு தட்டியிருக்கிறது. தாதி சொன்னதையெல்லாம் அழுதபடி சொல்லி முடித்தேன். கோழியைத் தொட வைத்ததற்குத்தான் திட்டு விழும் என்று நின்றேன். அவர் அந்த எலும்புச் சில்லை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"எனக்குப் பயந்து நீ மறைச்சே. பிள்ளை தொண்டையில சிக்கியிருந்தா என்ன செஞ்சிருப்பே?"

மகளின் உயிரைவிட அவருடைய முகச்சுளிப்பையா பெரிதாக நினைத்தேன்? இத்தனை வருடம் கழித்தும் அதையே என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலை அவரும் என்னோடு பாசாருக்கு வந்தார். கோழிக்கடை முன்னால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி, சின்னப் பிள்ளைக்கு, எலும்பே இருக்கக் கூடாது என்று கடைக்காரரிடம் மலாயில் மூன்று முறை சொன்னார். கத்தி இறங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.