ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்

எங்கள் மின்சாரப் புகார் மையத்தில் அவளுக்கு ‘ஒருமணி’ என்று பெயர். வைத்தவள் நான்தான். ஊரில் எங்கே கரன்ட் போனாலும் புகார் எண்ணை அழுத்தினால் முதலில் கேட்பது அவள் குரல்: “உங்கள் பகுதியில் பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. ஒரு மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிடும்.” பன்னிரண்டு வருடத்துக்கு முன் பதிவு செய்தது. பதிவுக்கு வரவேண்டிய பெண் வராமல் போனதால் இவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். குரல் என்றால் அப்படி ஒரு குரல். திட்டுவதற்கென்றே போன் செய்தவன்கூட இவளிடம் “சரிம்மா” என்று சொல்லி வைத்துவிடுவான். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் வணக்கம் சொன்னாலே சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது என்பாள்.

மையம் முதல் மாடியில் இருந்தது. பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு போன். காதில் மாட்டுகிற கருவியின் பஞ்சு பிய்ந்துபோய், நாங்களே கைக்குட்டையைச் சுற்றி வைத்திருந்தோம். அவளுக்கு நான்காம் நாற்காலி, எனக்கு ஐந்தாவது. எங்கள் செல்போன்களை வாசலில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பேசுவதெல்லாம் பதிவாகும். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பேச வேண்டிய வாக்கியங்களை அச்சடித்து வைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் எங்கள் கண்காணிப்பாளருக்கு மூக்கில் வியர்த்துவிடும். எதற்கெடுத்தாலும் மேலிடத்துக் காகிதத்தோடு வந்து நிற்பார் என்பதால் அவருக்குச் ‘சுற்றறிக்கை’ என்று பெயர். அதையும் நான்தான் வைத்தேன்.

ஒருமணிக்கு வீடு என்றால் அவள் அக்கா வீடுதான். ஒன்பது வயதில் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட, அக்காவைக் கட்டிக்கொண்டவர் இவளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார். அவரை மாமா என்று கூப்பிடுவாள், பேச்சில் அப்பா என்கிற மாதிரியே வரும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, சைக்கிள் கற்றுக் கொடுத்தது, இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். இருபத்திரண்டு வருடம் சிமென்ட் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதியவர். சிமென்ட் அவர் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசி மூன்று வருடமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் குழாய். அந்த மெஷின் கரன்டில் ஓடுவது. கரன்ட் போனால் பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு மூலையில் நிற்கிற சிலிண்டர், மூன்று மணி நேரம். அதோடு சரி.

கரன்ட் போகிறபோதெல்லாம் மாமா குழாயோடு அவள் குரலில் பேசிக் காட்டுவார். “உங்கள் பகுதியில் பராமரிப்புப் பணி…” என்று ஆரம்பித்து இருமலில் முடிப்பார். “நாங்க போன்ல சொல்றத யாரும் நம்பாதீங்க மாமா, கரன்ட் எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது” என்று இவள் சொல்வாள். இதை நானே அந்த வீட்டில் பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறேன்.

இனி எங்கள் பக்கத்து நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கும் அவர்களுக்கும் போர் கிடையாது. தூதரகங்கள் திறந்திருந்தன, கிரிக்கெட்கூட ஆடினார்கள். ஆனால் ஒன்றரை வருடமாக என்னென்னவோ நடந்தது. கடலடியில் போகிற இணையக் கம்பியை ஏதோ ஒரு கப்பலின் நங்கூரம் அறுத்தது. அந்தக் கப்பல் யாருடையதென்று யாருக்கும் தெரியவில்லையாம். ஒரு நாள் ரயில் சிக்னல் எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பாகி நின்றது. குடிநீரில் விஷம் கலந்துவிட்டதாக எல்லார் செல்போனுக்கும் ஒரு செய்தி வந்து, தெருவில் மிதிபட்டு ஒரு கர்ப்பிணி செத்தாள். ஒவ்வொரு தடவையும் எங்கள் அரசாங்கம் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்றது. அந்தப் பக்கத்தவர்கள் ‘வருந்துகிறோம்’ என்றார்கள். நாங்களும் அவர்களுக்கு இதையே செய்துகொண்டிருந்தோம் என்று பிறகு கேள்விப்பட்டேன். செய்திருப்பார்கள், நம் ஆட்கள் மட்டும் என்ன யோக்கியர்களா. அடித்தது அவன்தான் என்று வாயைத் திறந்து சொன்னால் திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடித்தால் போர். அதனால் இரண்டு பக்கமும் பூசி மெழுகினார்கள். பூசுகிற வேலை எங்கள் வாய்க்கு வந்தது.

ஏழாம் நாற்காலிக்காரன் நல்ல பையன், வாய் மட்டும் நீளம். ஒரு தடவை யாரோ ஒரு கிழவரிடம் “பராமரிப்பும் இல்ல ஒண்ணும் இல்லங்க, எல்லாம் அவனுங்க வேலை” என்று சொல்லிவிட்டான். மறுநாள் காலை அவனை நாற்காலியிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். பீதி பரப்பிய குற்றம். அவன் அம்மா இரண்டு மாதம் தினமும் எங்கள் கட்டடத்து வாசலில் வந்து நின்றாள். நாங்கள் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கிப் போகப் பழகிக்கொண்டோம்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது நாற்பதுக்கு ஊர் முழுக்கக் கரன்ட் போனது. எங்கள் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. பன்னிரண்டு போனும் ஒன்றாக அடித்தன. பத்து மணிக்குத் துணைமின் நிலையத்திலிருந்து லைன்மேன் ஒருவர் கூப்பிட்டார். பழுது சரியாக எவ்வளவு நேரமாகும் என்பதை லைன்மேன்கள் எங்களிடம் சொல்லிவைப்பது வழக்கம். அந்த அழைப்பை எடுத்தவள் ஒருமணி. அவள் கை தானாக எனக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்தியது.

“எழுதிக்கம்மா. மூணு பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் வெந்துபோச்சு. மேல ஏதோ பறந்து வந்துச்சு, அவ்ளோதான் பாத்தேன். மாத்திப் போட மூணு நாள் ஆகும். அதுவும் சாமான் கிடைச்சா.”

அவள் எழுதினாள். எழுதிய தாளைப் பின்னாலிருந்து வந்து எடுத்துக்கொண்டார் சுற்றறிக்கை. கையில் வேறொரு காகிதம் இருந்தது. நடு அறையில் நின்று படித்தார்.

“அவசரப் பராமரிப்பு. ஒரு மணி நேரம். எல்லாரும் இதத்தான் சொல்லணும். மூணு நாள்னு ஒரு வார்த்தை வெளிய போச்சு, யார் வாயிலேருந்து போச்சுன்னு பதிவுல தெரிஞ்சுடும். ஏழாம் நம்பர் ஞாபகம் இருக்குல்ல. ஷிஃப்ட் முடியற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது.”

“சார், வீட்டுல ஆக்ஸிஜன் வச்சிருக்கறவங்க கேட்டா?” என்று கேட்டாள் ஒருமணி. அவள் வீட்டு நிலைமை அவருக்கும் தெரியும்.

“எல்லாருக்கும்னு சொன்னேன்ல.”

நாசமாய்ப் போக. அந்த மனுஷனையும் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பார்கள் நல்லவர்கள். நான் நல்லவள் இல்லை, குற்றம் சொல்கிறேன். பதினோரு மணிக்குள் எத்தனை பேரிடம் ‘ஒரு மணி நேரம்’ சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மாவு மில்காரர், பிரசவ வீடு, மீன் ஐஸ் வைத்திருப்பவர். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி கேட்க ஆரம்பித்தது.

பதினொன்று பத்துக்கு என் போனில் அவள் அக்கா.

“யாரு, நீயாம்மா? நல்லதாப் போச்சு. மாமாவுக்கு பேட்டரி முடிஞ்சு சிலிண்டர் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு மணி நேரம் வரும். பக்கத்து வீட்டு வேன் வெளியூர் கிளம்பிட்டிருக்கு. ஆஸ்பத்திரில இறக்கிவிட்டுட்டுப் போறேங்கறார். போயிடட்டுமா, இல்ல கரன்ட் வந்துடுமா?”

ஆஸ்பத்திரி நாற்பது நிமிட தூரம். அங்கே ஜெனரேட்டர் உண்டு. ‘போங்கக்கா’ என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உண்மை சொல்லத் துணிச்சல் வரவில்லை. “இருங்கக்கா, அவகிட்டயே குடுக்கறேன்” என்று நான்காம் நாற்காலிக்குத் தள்ளிவிட்டேன். இணைப்பைத் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

அக்கா அதே கேள்வியை மறுபடி கேட்டாள். சுற்றறிக்கை ஒருமணியின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணாடிக்கு அடியில் இருந்த வாக்கியத்தையே பார்த்தாள், ஏதோ இன்றைக்குத்தான் முதல் தடவை படிக்கிறவள் போல.

“உங்கள் பகுதியில் பராமரிப்புப் பணி நடைபெறுகிறது மேடம். ஒரு மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிடும்.”

அக்கா, “சரிம்மா. நீ சாப்பிட்டியா?” என்றாள். இவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

சுற்றறிக்கை நகர்ந்ததும் ஒருமணி என் பக்கம் சாய்ந்தாள். “புரிஞ்சிருக்கும்டி. மேடம்னு சொன்னேன் பாத்தியா? நாங்க போன்ல சொல்றது என்ன லட்சணம்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். இந்நேரம் வேன்ல ஏத்தியிருப்பாங்க” என்றாள்.

“கண்டிப்பா” என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் அழைப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஜனங்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று சுற்றறிக்கை சொன்னார். செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் ஒருமணி எட்டிப் பார்த்தாள். அக்காவிடமிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. வராதது நல்லதென்று சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருந்தால் எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்?

ஐந்து மணிக்கு விட்டார்கள். பஸ் இல்லை. சிக்னல் செத்த சந்திப்புகளில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அங்கே வரவேற்பில் இருந்தவள் நோட்டைப் புரட்டி, அப்படி ஒருவர் வரவில்லை என்றாள். ஒருமணி மறுபடி பார்க்கச் சொன்னாள். அவள் மறுபடி பார்த்தாள். அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

மாமா கட்டிலில் இருந்தார். குழாய் இன்னும் மூக்கில் இருந்தது. சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் நின்றது. அக்கா தரையில் உட்கார்ந்து அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரை மணிக்குப் பிறகு கையில் செல்போனோடு மொட்டைமாடிக்கும் தெருவுக்குமாக ஓடியிருக்கிறாள். எந்த எண்ணும் போகவில்லை. தெருக்கோடிக் கடைக்காரர் வண்டி பிடிக்கப் போனவர் நெரிசலில் மாட்டி வெறுங்கையோடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

“வேன்ல ஏன்கா போகல?”

“வேன்காரர் ரெண்டு தடவை கேட்டார். என் தங்கச்சியே சொல்லிட்டா, ஒரு மணி நேரத்துல வந்துடும், நீங்க கிளம்புங்கன்னு அனுப்பிட்டேன். இவரும் அதான் சொன்னார். அவ சொன்னா வந்துடும்டி, இந்த வெயில்ல என்னை அலைக்கழிக்காதன்னார்.”

“நம்பாதீங்கன்னு எத்தன தடவை சொல்லியிருக்கேன்!” ஒருமணி கத்தினாள். அந்தக் குரல் அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாது.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். “ஊருக்குச் சொல்றதத்தான நம்ப வேணாம்னு சொன்ன. எங்கிட்டயுமா பொய் சொல்லுவ?”

மூன்றாம் நாள் மாலை கரன்ட் வந்தது. திட்டமிட்ட பராமரிப்புப் பணி வெற்றிகரமாக முடிந்ததாக அரசாங்கம் அறிவித்தது. பக்கத்து நாடு, வேண்டுமானால் டிரான்ஸ்ஃபார்மர் தந்து உதவத் தயார் என்று அறிக்கை விட்டது. கொழுப்பைப் பாருங்கள். அந்த மூன்று நாளில் வீடுகளில் மெஷின் நின்று செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணினால் எதனால் என்று சொல்ல வேண்டும். மாமாவின் சான்றிதழில் நாள்பட்ட நுரையீரல் நோய் என்று எழுதினார்கள். அவர் போரில் செத்தார் என்று நான் இப்போது எழுதுகிறேன்.

ஒருமணிக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். நெருக்கடியில் நிதானம் காத்ததற்காக. சொந்த வீட்டு அழைப்பிலும் விதிமுறை தவறாதவர் என்று சுற்றறிக்கை பெருமையாக வாசித்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அந்தப் பதிவுக் குரலை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்டாள். “எதுக்கு? ஜனங்க நம்பற குரல்மா” என்றார். அவள் இன்றைக்கும் நான்காம் நாற்காலியில்தான் உட்காருகிறாள். வீட்டில் அக்காவும் அவளும் பேசிக்கொள்கிறார்கள். சாப்பாடு ஆச்சா, கதவைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது. ஒருமணி டீ எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தபோது அக்கா என்னிடம் கேட்டாள்.

“போனை முதல்ல எடுத்தது நீதானம்மா. அவளுக்கு பின்னாடி ஆள் நின்னுட்டிருந்தாராம். உனக்கு மூணு நாள்னு தெரிஞ்சிருந்தா நீயாவது சொல்லியிருப்பதான?”

ஒருமணி டம்ளர்களோடு அங்கேயே நின்றாள். லைன்மேன் சொன்னதை என் காதிலும் விழ வைத்தவள் அவள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எதுவும் தெரியாதுக்கா” என்றேன்.

“அதானே” என்று சொல்லி அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “நீ சொல்லாம இருந்திருப்பியா என்ன.”