யாருக்குக் காது குத்துறீங்க, மச்சான்?

என் மனைவியின் அண்ணன் சொன்ன நேரத்துக்கு வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். "லகாட் தாண்டிட்டேன் மச்சான், இந்தா வாரேன்" என்பார், பக்கத்து ஊர் வரைக்கும் வந்துவிட்டவர் போல. போனில் பின்னால் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட மனிதர் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பசியாறி முடிக்கும் முன்பே சிலிபினுக்கு வந்து, எங்கள் வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டார். அதுவும் சலவை வேட்டியில்.

"பிள்ளைங்கள சுங்கைக்குக் கூட்டிட்டுப் போலாம்லா. ரொம்ப நாளாச்சு."

ஆற்றில் குளிக்க வேட்டி எதற்கு என்று கேட்டேன்.

"காத்தோட்டமா இருக்கும் மச்சான்."

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. ஆற்றுக்குப் போகிற மகளுக்கு என் மனைவி பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "அவதான் அடம் புடிச்சா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ப் போத்தலை நிரப்பினாள். பொய் சொல்லும்போது அவளுக்கு எதையாவது நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். வேனில் ஏறினால் மல்லிகை வாசம். பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதன்மேல் துண்டு போட்டு மூடியிருந்தது.

"அதுல என்ன?"

"மக்கான்தான் மச்சான். பிள்ளைங்களுக்குப் பசிக்கும்ல."

"சாப்பாட்டுல மல்லிப்பூ வாசமா? யாருக்குக் காது குத்துறீங்க?"

இது என் வாயில் தேய்ந்துபோன வசனம். அவர் பேச்சை எடுத்தாலே, "உங்கண்ணன் ஊருக்கே காது குத்துவாரு, நம்பாதே" என்று மனைவியிடம் சொல்வேன். சும்மா சொல்லவில்லை. போன முறை விருந்து என்று கூட்டிப்போன இடத்தில் தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பசியில் அழ அழ, ஒருவன் மேடையில் சாக்கடைத் தண்ணீரை வடிகட்டிக் குடித்துக் காட்டினான்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். மகளுக்கு ஒரு வயதில் காது குத்த நாள் பார்த்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பிள்ளைக்கு இருப்பதோ ஒரே மாமன். அன்றைக்கும் "லகாட் தாண்டிட்டேன்" என்றுதான் போனில் சொன்னார். நல்ல நேரம் முடிந்தது, ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், சாம்பார் ஆறிப்போனது. அவர் வரவே இல்லை. பிறகு காரணமும் சொல்லவில்லை. இனி அவர் மடியில் என் பிள்ளை உட்காராது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். வேறு யார் மடியிலும் உட்கார வைக்க மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். எங்கள் இருவர் வீம்பில் பிள்ளை மூளிக்காதோடு பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சிலிம் ரிவர் ஊர் வந்ததும் மச்சான் ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை. செம்பனைக்கு நடுவே ஒரு மண்சாலையில் வேனை விட்டார்.

"சுங்கை அந்தப் பக்கம்ல?"

"இது குறுக்குவழி மச்சான்."

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்து, குரலைத் தாழ்த்தி, "ஆ, வந்துட்டோம். ஆளு ஒண்ணும் கண்டுக்கல" என்றார்.

ஆளு என்றால் நான்தான், வேறு யார்? மனைவி சன்னல் வழியே செம்பனையை அப்படி ரசித்துக்கொண்டிருந்தாள், அதற்குமுன் செம்பனையே பார்க்காதவள் போல. நிலம் விற்கிற கும்பலாக இருக்கும் என்று நினைத்தேன். சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வேன் நின்ற இடம் ஒரு கோயில். அண்ணனும் தங்கையும் பிறந்த தோட்டம் அது. ரப்பர் மரங்களும் லய வீடுகளும் போய்விட்டன. மாரியம்மன் மட்டும் செம்பனைக்கு நடுவே இருக்கிறாள். தகரக் கொட்டகையில் பாய் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, பூசாரி காத்திருந்தார். பக்கத்தில் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனைவி தரையைப் பார்த்தபடி, "சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க" என்றாள். அது உண்மைதான்.

மச்சான் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்னச் சிவப்பு டப்பாவை எடுத்தார். பட்டாணி அளவுகூட இல்லாத தோடு.

"அன்னிக்கு இது வாங்க முடியல மச்சான். தாய்மாமன் வெறுங்கையோட எப்படி வந்து நிக்கிறது? நெசமாவே லகாட் தாண்டித்தான் வந்தேன். உங்க சந்துமுனை வரைக்கும் வந்து, வண்டியிலயே உக்காந்திருந்துட்டுத் திரும்பிட்டேன்."

இதுவும் கதையாக இருக்குமோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, தோட்டைப் பார்த்துப் பேசினார். "சரி, நேரம் போறதுக்குள்ள முடிங்க" என்றேன். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மச்சான் பாயில் சம்மணம் போட்டு, மடியில் துண்டை விரித்து, கையை நீட்டினார். மகள் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன். மாமா எல்லாருக்கும் காது குத்துவாரு, நம்பக் கூடாது. அப்பா சொன்னாரு."

மச்சான் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். மூச்சு விடவே எனக்குக் கூச்சமாக இருந்தது. குனிந்து, "அது வேற, இது வேறம்மா" என்றேன். "வலிக்கவே வலிக்காது. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." மனைவியும் அதையே சொன்னாள். பூசாரியும் தலையாட்டினார்.

மகள் கண்ணைச் சுருக்கி எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். அச்சாக என் பார்வை. பிறகு நடந்துபோய், மச்சானின் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு கேட்டாள்.

"மாமா, வலிக்குமா?"

வலிக்காது என்று சொல்லச் சொல்லி அவருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் பார்க்காமல் இல்லை.

"வலிக்கும்டா. ரெண்டு தடவ வலிக்கும். மாமா புடிச்சிருப்பேன்."

அவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு போய் அவர் மடியில் உட்கார்ந்து, அவருடைய கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் போனேன்.

"அப்பா அங்கயே நில்லுங்க" என்றாள்.

செருப்பு விட்டிருந்த இடத்தில் போய் நின்றுகொண்டேன்.