வேகமானியில் வைத்த பொட்டு

அண்ணையைப் பற்றி எழுதும்படி அண்ணி என்னைக் கேட்டதற்கு என் எழுத்தாற்றல் காரணம் அல்ல. இந்த நினைவு மலரை அச்சடிப்பவனும் நான்தான். கட்டுரை பிந்தினால் ஆளைத் தேடி அலையவேண்டியதில்லை. ஈஸ்ட் ஹாமில் கடைப் பலகை, கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக்கொடுக்கும் என்னிடம் அஞ்சலி வாசகங்கள் ஏராளம். அண்ணைக்கு அவற்றில் ஒன்றும் அளவாக இல்லை.

அண்ணை கோண்டாவிலில் பிறந்தார். எங்கள் வீட்டில் அவர் மூத்தவர், நான் கடைசி. அப்பா போனபின் எங்களைப் படிப்பித்தவர் அவர்தான். பிரச்சினை நேரத்தில் லண்டனுக்கு வந்து, பெற்றோல் நிரப்பும் செட்டில் வேலை செய்துகொண்டே படித்து, லிஃப்ட் திருத்தும் தொழிலுக்குப் போனார். பிறகு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டெடுத்தார். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். என்னோடு பேசும்போது பெரும்பாலும் தாழ்த்தித்தான் பேசினார்.

மற்றவர்கள் கோயில் நிர்வாகசபைக்கு ஓடித்திரியும் வயதில் அண்ணை விமானம் கட்டத் தொடங்கினார். இருவர் இருக்கக்கூடிய சின்ன விமானம். பெட்டி பெட்டியாக உதிரிகள் வந்தன. கராஜில் இறக்கைகளும் வீட்டு ஹோலில் வாலும் வருடக்கணக்கில் கிடந்தன. அண்ணி சாமியறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்ட எசெக்ஸ் பக்கத்துச் சின்ன விமானத்தளம் ஒன்றில் வாடகைக் கொட்டகை எடுத்தார்.

வேலை முடியும் தறுவாயில் வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். இனி அவர் ஓட்ட முடியாது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"நான் ஓடாட்டிப் பரவாயில்லை," என்றார் அண்ணை. "இது பறக்கக்கூடியது எண்டு ஒருத்தன் பாத்துச் சொல்லோணும். எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

அதற்கு மிச்சம் இருந்தது அறிவிப்புத் தகடுகளும் அடையாளங்களும்தான். வீட்டில் கட்டிய விமானம் என்றால் ஒவ்வொரு சுவிட்சும் தன் வேலையை எழுத்தில் சொல்லவேண்டும். எண்ணெய் மூடியில் எண்ணெயின் பெயர், சாமான் வைக்கும் இடத்தில் தாங்கும் பாரம், பயணியின் கண்முன்னே, இது தொழிற்சாலையில் செய்யாத விமானம் என்ற எச்சரிக்கை. வேகமானியில் நிற வளைவுகள்: சாதாரண வேகத்துக்குப் பச்சை, காற்று குழம்பாதபோது மட்டும் மஞ்சள், அதன் எல்லையில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டினால் விமானம் உடையலாம். இறங்கும் வேகத்துக்கு வெள்ளை. ஓடர் எனக்குத்தான் வந்தது.

பயணி எச்சரிக்கையைப் பூ போர்டர் போட்டு அடித்துக்கொண்டு போனேன்.

"டேய், இதென்ன சாமத்தியச் சடங்குக்கு அடிக்கிற கார்டே?"

"வாசிக்கிற சனம் பயப்படக்கூடாதெல்லே அண்ணை."

"பயப்படத்தான் ஒட்டச் சொல்லுறாங்கள். பூவைக் கழட்டு."

கழற்றினேன்.

பரிசோதகர் வருகிற நாள் காலையில் அண்ணி கொட்டகையில் ஒரு சின்னப் பூசை செய்தார். சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய், வாசலில் தேங்காய். கார் வாங்கினாலும் கடை திறந்தாலும் நாங்கள் செய்வதுதான். மானிக் கண்ணாடிகளில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வேகமானியில் குங்குமம் பச்சை வளைவின் நடுவில் விழுந்து காய்ந்துவிட்டது.

பரிசோதகர் ஓய்வுபெற்ற பொறியியலாளர், தன்மையான வெள்ளைக்காரர். சுற்றிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தவர் வேகமானியிடம் நின்றார். பச்சைக்குள் சிவப்பு ஏன் என்று கேட்டார். வழிபாடு என்று சொன்னேன். மதிக்கிறேன் என்றார். ஆனால் இந்தக் கண்ணாடியில் சிவப்புக்கு ஒரு பொருள்தான், அது இருக்கும்வரை கையெழுத்து வைக்க முடியாது என்று சொல்லி, அண்ணியின் கையில் துணியைக் கொடுத்தார்.

அண்ணி துணியோடு நின்றார். சக்கர நாற்காலியில் அண்ணை. குங்குமத்தைத் துடை என்று யாரிடம் சொல்கிறோம் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது.

"என்னைத் தூக்கி உள்ளை இருத்தடா," என்றார் அண்ணை.

தூக்கினேன். பாரம் இருக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருத்தியதும் அண்ணியைப் பார்த்து, "இஞ்சை வாரும்," என்றார். அண்ணி குனிந்தார். அண்ணை பெருவிரலை நாக்கில் தொட்டு, கண்ணாடியில் இருந்த குங்குமத்தை ஒற்றி எடுத்து, அண்ணியின் நெற்றியில் வைத்தார்.

"அழிக்கேல்லை. இடம் மாத்தினனான்."

"கோணலா வைச்சுப் போட்டியள்," என்றார் அண்ணி.

"உம்மடை நெத்தியை அவர் செக் பண்ண மாட்டார்."

பிறகு அண்ணையே துணியை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்தார். பரிசோதகர் கையெழுத்து வைத்தார். சோதனைப் பறப்புக்கு அனுமதி வருமுன் அண்ணை போய்விட்டார்.

அன்று அஞ்சலிச் சுவரொட்டியை நானே அடித்தேன். அழுகை வரவில்லை. மஞ்சள் மை மங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறேன். யாரும் கவலைப்பட வேண்டாம்.

அந்த மாதங்களில் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த உறவினர்களுக்கும், வீட்டுக்கு வந்து பராமரித்த தாதிமாருக்கும், செத்தவீட்டில் முன்நின்ற நண்பர்களுக்கும், கொட்டகை வாடகை கேட்காமல் பொறுத்த தளக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக, சோதனைப் பறப்புச் செய்த விமானிக்கும் நன்றி. எந்த வேகத்தில் விமானம் மிதக்க முடியாமல் தலையைக் கீழே போடுகிறது என்று மேலே போய்ப் பார்ப்பதும் அவர் வேலை. வெள்ளை வளைவு அந்த வேகத்தில்தான் தொடங்கவேண்டும். அண்ணை அதைக் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார், பறந்து பார்த்ததில்லை. கணக்குப் பிழைத்தால் உடனே மாற்ற, நான் வேறு வேறு அளவில் வெள்ளைப் பட்டைகள் வெட்டிக்கொண்டு போயிருந்தேன். அண்ணியும் நானும் புல்லில் நின்றோம்.

விமானி இறங்கி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினார். அடையாளங்கள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றன, மாற்ற ஒன்றும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரிந்த அண்ணிக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"விளங்கினது தம்பி," என்றார் அண்ணி. "இன்னொருக்காச் சொல்லும்."