வீரம்மாவின் காளான் நெருப்பு

பெற்றவர்கள் அவளுக்கு வீரம்மா என்று பேர் வைத்தது பெரிய தமாஷ். நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் அவளைப் போன்ற பயந்தாங்கொள்ளி இன்னொருத்தி கிடையாது. இடிக்குப் பயம், அட்டைக்குப் பயம், சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தால் பயம். பஸ்ஸில் மலையிறங்கினால் கண்ணை மூடிக்கொண்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடிப்பாள். மேட்டுப்பாளையம் வந்தபிறகுதான் கையை எடுப்பாள். இத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தி, புருஷனைப் பறிகொடுத்து, ஒரே மகள் சுகந்தியைப் பிளஸ் டூ வரை படிக்கவும் வைத்துவிட்டாள். பயப்படுகிறவர்களால் ஒன்றும் ஆகாது என்று சொல்கிற புண்ணியவான்கள் வீரம்மாவைப் பார்த்ததில்லை.

கரடிப் பயம் மட்டும் வேறு ரகம். அது தேயிலை விலை விழுந்த வருஷங்களில் வந்தது. பச்சைக் கொழுந்து விற்ற காசு பறிக்கிற கூலிக்கே பற்றாமல் போனதும், ஆளாளுக்குத் தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் பஸ் ஏறினார்கள். கிளை வெட்டிக் கவாத்து செய்யாத தேயிலை சும்மா இருக்குமா? இடுப்பளவு இருந்த செடி ஆள் உயரம் தாண்டி மரமாகிவிட்டது. உள்ளே பட்டப்பகலிலேயே இருட்டு. அந்த இருட்டுக்குள் கரடி குடிவந்தது. மேல் லைன்காரர் ஒருவரின் முகத்தை அது பிறாண்டிப்போட, அவரைப் போர்வையில் சுற்றி ஜீப்பில் ஏற்றியதை வீரம்மா கண்ணால் பார்த்தாள். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பறிக்கப் போனாள். போகாமல் என்ன செய்வது?

புகை இருந்தால் கரடி கிட்டே வராது என்று யாரோ சொன்னார்கள். மெய்யோ பொய்யோ, அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மஞ்சும் தூறலுமாக இருக்கிற மலையில் நாள் முழுக்கப் புகைக்கு எங்கே போவது? தீப்பெட்டி நமத்துப்போகும். வறட்டி ஒரு தூறலுக்கே அவிந்துவிடும். அப்படி இருக்கும்போது ஒருநாள் அடுப்பில் வைத்த சீகை மர விறகில் தட்டு மாதிரி ஒரு மரக்காளான் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அடுப்பெல்லாம் ஆறிக் கிடக்க, காளான் மட்டும் சாம்பலுக்குள் கனன்றுகொண்டிருந்தது. வீரம்மா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதைப் பதப்படுத்தும் வழியை அவளாகவேதான் கண்டுபிடித்தாள். முதலில் பறித்துவந்த காளானை அப்படியே காயவைத்தாள், பொறி பிடிக்கவில்லை. மெல்லிசாகச் சீவினாள், பொசுக்கென்று தீர்ந்துபோயிற்று. பிறகு மேல் ஓட்டைக் கவாத்துக் கத்தியால் செதுக்கி எறிந்து, உள்ளே இருக்கும் பழுப்பு நிறச் சதையை மட்டும் விரல் கனத்துக்கு அரிந்து, அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீரில் அரைநாள் வேகவைத்தாள். கல்லின்மேல் போட்டுக் கட்டையால் தட்டினாள். தட்டத் தட்டச் செருப்பின் உள்தோல் மாதிரி மெத்தென்று வந்தது. அடுப்புக்கு மேலே பரணில் ஒரு வாரம் காய்ந்ததும், கத்தியின் முதுகை வெங்கச்சாங்கல்லில் உரசி ஒரு பொறியை அதன்மேல் விழவைத்தாள். சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. கொழுந்துவிட்டு எரியாமல், தூறலுக்கும் மசியாமல், அந்தப் புள்ளி மெல்ல மெல்ல ஊர்ந்தது. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம், சுகந்தி பாஸான அன்றுகூட வரவில்லை என்று சொன்னால் பொய்யில்லை.

ஓட்டை போட்ட தகர டப்பாவில் அதை வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பறிக்கப் போவாள்; அந்தப் புகை வாசம் அவள் சீலையிலேயே ஊறிவிட்டது. அதிலும் ஒரு பயம் இருந்தது. அந்த நெருப்பு மேலே நீறு பூத்துச் செத்த மாதிரி கிடக்கும்; உள்ளே உயிர் இருக்கும். அதனால் வேலை முடிந்ததும், பறித்த கொழுந்தை எடைபோட்டுச் சேர்க்கும் ஷெட்டுத் தண்ணீர் வாளியில் அதை முக்கிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். அணைத்துவிட்டேன் என்று வாய் தவறியும் சொல்லமாட்டாள். சாமி விளக்கை அப்படிச் சொல்லக்கூடாது, மலையேறிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததுதான். தன்னைக் காக்கிற நெருப்பும் சாமிதானே என்று வீரம்மா அதற்கும் அதே மரியாதையைக் கொடுத்தாள்.

சுகந்தி அப்போது மலைமேல் இருக்கும் பேக்டரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்தில் மூடாமல் இருந்தது அந்த ஒன்றுதான். அவளுக்கு வாட்டு மாடியில் வேலை. பழைய மரமாடி. கீழேயிருந்து கப்பிக் கயிற்றில் ஏற்றும் சாக்குகளை அங்கே கொட்டி, கொழுந்தை நீளப் படுக்கைகளில் பரப்புவார்கள். பெரிய விசிறிகள் ஓயாமல் காற்றடித்து அதை வாட்டும். மத்தியான ஷிப்டில் அதைப் பார்த்துக்கொள்ளச் சுகந்தி ஒருத்திதான். தூள் திருட்டுப்போகிறது என்று சூப்பர்வைசர் மாடிக் கதவை வெளியே தாழ் போட்டுவிடுவார். ஷிப்ட் முடிந்துதான் திறப்பார். இதைக் கேட்டதிலிருந்து வீரம்மாவின் பயக் கணக்கில் அந்தத் தாழும் சேர்ந்துகொண்டது. கேட்டால் பிள்ளையை நிறுத்திவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம். டப்பாவின் கம்பி அறுந்துபோனதால், அதைக் கொழுந்துப் பைக்குள் மேலாக வைத்துப் பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் புதரில் கிளை முறிந்தது. உர்ரென்று ஒரு மூச்சு. வீரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டமாக ஓடி ஷெட்டில் போய் விழுந்தாள். பையை அங்கிருந்த சாக்குகளின்மேல் வீசிவிட்டு, பின்பக்கக் குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். படபடப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. அப்புறம்தான் நெருப்பின் நினைவு வந்தது.

ஷெட்டில் ஒச்சப்பன் மட்டும் நின்றார். டிராக்டருக்குச் சாக்கு ஏற்றுகிறவர். தேனிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர்.

"ஏனுங்க, அது மலையேறிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"அப்பவே மலையேறிருச்சும்மா" என்றார் அவர்.

யாரோ விவரம் தெரிந்தவர் தண்ணீரில் முக்கியிருக்கிறார் என்று வீரம்மா நிம்மதியாக மூச்சுவிட்டாள். வெற்றிலை போட்டால் தேவலை என்றிருந்தது. சுருக்குப்பை கொழுந்துப் பையில் இருந்தது.

"என்ற பையி எங்கீங்க?"

"விளையாடுறீங்களா? மலையேறிருச்சுன்னு இப்பத்தானே சொன்னேன். கொழுந்து கிடந்துச்சு, மத்த சாக்கோட தூக்கி டிராக்டர்ல போட்டேன். இந்நேரம் மாடிக்கே போயிருக்கும்."

வீரம்மாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. டப்பாவின் மூடி அவ்வளவு இறுக்கமில்லை. ஈரக் கொழுந்து பற்றாது, சரி. சாக்கு பற்றும். பலகை பற்றும். அதற்குமேல் ஓயாமல் அடிக்கிற அந்த விசிறிக் காற்று. உள்ளே சுகந்தி. வெளியே தாழ்.

ரோடு வழியாகப் போனால் நாலு வளைவு. குறுக்குப் பாதை ஒன்று உண்டு. மரமாகிப்போன தேயிலைக்குள்ளேயே ஏறிப் போகும். சற்றுமுன் எதிலிருந்து ஓடிவந்தாளோ அதே தோட்டம். கையில் புகை இல்லை. பாதையின் வாயில் ஒரு கணம் நின்றாள். "சாமி, இன்னிக்கி மட்டும் உட்டுரு. என்ற புள்ளையக் கூட்டிட்டு வந்தர்றேன்" என்று கரடியிடமா கடவுளிடமா என்று தெரியாமல் சத்தமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். கிளைகள் முகத்தைக் கிழித்தன. பக்கத்தில் எதுவோ மூச்சுவிட்டது. அது தன்னுடைய மூச்சா என்று நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. கையை ஊன்றி, முட்டியைத் தேய்த்து, நாலுகாலில் ஏறினாள்.

பேக்டரி கேட்டில் வாட்ச்மேன் மாரப்பன் மறித்தார்.

"எங்கம்மா போறீங்க? பாஸ் இருக்குதா?"

"மாடிக் கதவத் தொறங்க. சீக்கிரமாத் தொறங்க."

"சூப்பர்வைசர் வந்தாத்தானுங்க தொறப்பேன். என்ன சமாச்சாரம்?"

வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பேக்டரிக்குள் பீடித் துண்டு கொண்டுவந்தவனைக்கூடக் குடும்பத்தோடு விலக்கியிருக்கிறார்கள். அதன்பிறகு அந்த வீட்டாரை எந்தத் தோட்டத்திலும் சேர்க்கவில்லை. ஆனால் பொய் சொன்னால் மாரப்பன் நிதானமாக ஆபீசுக்கு நடந்து போய்க் கேட்டுவிட்டு வருவார். அவ்வளவு நேரம் இல்லை.

"உள்ள என்ற நெருப்பு இருக்குதுங்க. நான்தான் கொண்டாந்தேன். யாரு மேலயும் தப்பில்லீங்க. என்ற புள்ள உள்ள இருக்குதுங்க."

மாரப்பன் தடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. மூலையில் சாக்குக் குவியல். மேல் சாக்கில் முறம் அகலத்துக்கு ஓட்டை விழுந்து, அதன் ஓரமெல்லாம் சிவப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. அடிப்பலகை கறுத்துவிட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவ்வளவுதான். மாரப்பன் விசிறியை நிறுத்த ஓடினார். வீரம்மா வெறுங்கையைச் சாக்குக்குள் விட்டுக் கனன்ற துண்டை அள்ளி, அங்கிருந்த தண்ணீர் வாளியில் போட்டு, வாளியோடு தூக்கிக் குவியலின்மேல் கவிழ்த்தாள். உள்ளங்கைத் தோல் வழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை.

சுகந்தி கதவோரமாகக் கவிழ்த்துவைத்த கூடையின்மேல் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, இருமினாள். ஆனால் முகத்தில் பயமே இல்லை.

"ஏங் கண்ணு கத்தாம உக்காந்திருந்தே? கதவத் தட்டக்கூடாதா?" வீரம்மாவுக்கு அழுகை வெடித்தது.

"பொகை வந்துச்சும்மா. உன்ற சீலை வாசம். நீதான் வந்துட்டே, இப்பத் தொறந்துருவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

வீரம்மாவுக்கு மகளைத் தன் சீலையை விட்டுத் தள்ளி நிறுத்தவேண்டும் போலிருந்தது. சுகந்தியோ இன்னும் நெருங்கிவந்து, அந்தச் சீலையிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள்.