காசிமிர் போட்டுப் பார்த்த கல்யாண கவுன்

குண்டூசிகள் ஒவ்வொன்றாக வாயிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து வெள்ளை சாட்டினுக்கும் போய்க்கொண்டிருந்தன. இடது கை துணியை இழுத்துப் பிடித்தது, வலது கை குத்தியது. பிறகு இரண்டும் விலகி, மடிப்பு எப்படி விழுகிறது என்று காத்திருந்தன. பிடிக்கவில்லை. குத்திய நான்கும் திரும்ப வெளியே வந்தன.

"டோன்யா, மூச்சு விடலாமா?" என்று கேட்டார் கவுனுக்குள் இருந்தவர்.

"விடாதீங்க. நெரெய்தாவுக்கு இவ்வளவு தொப்பை கிடையாது."

கவுனுக்குள் இருந்தவர் காசிமிர். வயது அறுபத்தாறு. சிகாகோவில் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற போலந்துக்காரர், நரைத்த மீசைக்காரர். மார்பில் இரண்டு கம்பளி நூல் உருண்டைகள், இடுப்பில் ஒரு குளியல் துண்டு, கழுத்தில் ஆரஞ்சு நிற விசில்.

ஊசி குத்தியவர் எவெலியா. 'டோன்யா' என்பது அக்கம்பக்கத்தார் மரியாதையாக அழைப்பது, நம் 'அம்மா' மாதிரி. இருபத்தாறாம் தெருவில் அவருக்கு ஒரு ஜன்னல் அகலத்தில் தையல் கடை. தையலை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கோட்டுக் கம்பெனியில் வெட்டுத் துணி பெருக்கும் வேலை. கழித்துப் போட்ட கோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, தைத்து, மறுபடி பிரித்துக் கற்றுக்கொண்டார். மூன்று டிரயல் பார்க்காமல் எந்த உடுப்பும் அவர் கடை வாசலைத் தாண்டியதில்லை. ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் கோவித்துக்கொண்டு தேதியையே தள்ளிவைத்தார்கள். எவெலியா அசையவில்லை.

மணப்பெண் நெரெய்தா ஆறடி உயரம். இறைச்சிக் கூடத்தில் பாதிப் பன்றியைத் தனியாகத் தூக்கிப் போடுகிற தோள். கடையில் வாங்கும் எந்த கவுனும் அவளுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். "கல்யாணத்துக்காவது தரையைத் தொடணும் டோன்யா. வேற ஒண்ணும் கேக்கலை," என்று சொல்லி முதல் டிரயலுக்கு நின்றாள். மறுவாரம் கறுப்புக் கண்ணாடி வண்டிகளில் குடியேற்றத் துறையின் முகமூடி ஆட்கள் வந்து, தெருவில் நடப்பவர்களை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். நெரெய்தாவிடம் குடியிருப்புக் காகிதம் இல்லை. பதினெட்டு நாளாக அவள் வாசல்படி இறங்கவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கே வந்து மணம் முடித்துவைப்பதாகப் பாதிரியார் சொல்லிவிட்டார்.

எவெலியா அங்கே போயிருக்கலாம். ஆனால் நெரெய்தாவின் தெருமுனையில் ஒரு வண்டி மூன்று நாளாக நின்றது. ஊருக்கே தெரிந்த தையல்காரி வெள்ளை கவுனோடு அந்தப் படியேறினால், இந்த வீடுதான் என்று விரல் நீட்டிக் காட்டியது போலாகும்.

எனவே இன்ச் டேப்போடு பள்ளிக்கூட முனைக்குப் போனார். அங்கேதான் அக்கம்பக்கத்தார் முறைவைத்து விசிலோடு காவல் நிற்பார்கள். வண்டி தெரிந்தால் விட்டு விட்டு ஊத வேண்டும், ஆளைப் பிடித்தால் நீளமாக. நெரெய்தாவின் அளவுக்கு ஆள் தேடி எவெலியா எல்லார் முதுகையும் அளந்தார். தபால்காரருக்குத் தோள் சரிவு, ரொட்டிக்கடைக்காரருக்கு உயரம் போதவில்லை.

"பஸ்காரரே, நீங்க வாங்க."

"எனக்கென்ன பொம்பளை உடம்பா?"

"தோள் மட்டும் போதும். மத்ததை நான் அடைச்சுக்கறேன்."

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை இரண்டாவது டிரயல் நடந்துகொண்டிருந்தது. அப்போது வெளியே நீளமாக ஒரு விசில். கடைக்கு எதிரே தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கிற சாயோவை, ஆவி பறக்கும் தள்ளுவண்டியோடு சேர்த்து இரண்டு முகமூடிகள் பிடித்திருந்தன. வாய் நிறைய ஊசியோடு எவெலியா கத்தவும் முடியாமல் ஊதவும் முடியாமல் நிற்க, காசிமிர் அப்படியே ஓடினார்.

சாட்டின் மூன்று முழம் பின்னால் இழுபட்டது. நூல் உருண்டை ஒன்று அக்குளுக்கு ஏறிவிட்டது. விசிலை ஊதிக்கொண்டே போய்ச் சாயோவுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார்.

"சார், ஒதுங்குங்க," என்றான் ஒருவன். பிறகு ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேடம்," என்றான்.

"நீதிபதி கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கா? காட்டு. கண்ணாடி கொண்டுவரலை, நீயே படிச்சுச் சொல்லு."

காகிதம் வரவில்லை. அதற்குள் சலூனிலிருந்து பாதிச் சவரத்தோடு இரண்டு பேர், சலவைக் கடையிலிருந்து ஈரத்துணியோடு பெண்கள் என்று தெருவே கூடிவிட்டது. நாற்பது செல்போன்கள் உயர்ந்தன. மீசை வைத்த மணப்பெண்ணோடு சேர்ந்து தானும் நாற்பது படத்தில் பதிவாகிக்கொண்டிருப்பது அந்த ஆளுக்கு மெல்ல உறைத்தது. சாயோவின் கையை விட்டான். இருவரும் ஏறிய கறுப்புக் கண்ணாடி வண்டி பின்னோக்கியே போய் மறைந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். எவெலியா மட்டும் குனிந்து கவுனின் அடிவிளிம்பைப் பார்த்தார். முன்பக்கம் கிழிந்து, பூட்ஸ் தடமும் சாக்கடை எண்ணெயும் ஒட்டியிருந்தன.

"டோன்யா, ஒரு மனுஷியைக் காப்பாத்தியிருக்கேன்."

"காப்பாத்தினீங்க. கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு காப்பாத்தியிருக்கக் கூடாதா?"

சாயோ அவர் கையில் இரண்டு தமாலேவைத் திணித்தாள். "திங்காதீங்க! இன்னும் ஒரு டிரயல் இருக்கு!" என்று எவெலியா அவற்றைப் பிடுங்கினார்.

அதே சாட்டின் வேறு கிடைக்கவில்லை. "அடியில ஒரு சாண் வெட்டிட்டா?" என்று காசிமிர் கேட்டார். ஒரு சாண் வெட்டினால் மறுபடி கணுக்கால். தரையில் இழைவதற்காகப் பின்னால் விட்டிருந்த நீள வாலை எவெலியா மொத்தமாகப் பிரித்தெடுத்தார். நெசவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வெளிச்சத்தில் பார்த்து, முன்பக்கத்தை அதில் புதிதாக வெட்டினார். வியாழக்கிழமை மூன்றாவது டிரயல். காசிமிர் ஒன்றரை மணி நேரம் எதிரிலிருந்து வந்த தமாலே வாசனையில் நின்றார். அன்று ஊசியைத் திரும்ப எடுக்க வேண்டி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சலவைக் கடையிலிருந்து பன்னிரண்டு பேர் பன்னிரண்டு சலவைத்துணி மூட்டையோடு கிளம்பி, நெரெய்தாவின் தெருவில் பன்னிரண்டு கதவைத் தட்டினார்கள். முனையில் நின்ற வண்டிக்குள் இருந்தவர்கள் எந்த மூட்டையைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். ஒன்பதாவது மூட்டை எவெலியாவுடையது.

நெரெய்தா கதவை மூடிவிட்டு, பழைய போர்வைக்குள்ளிருந்த வெள்ளையை எட்டிப் பார்த்தாள். "வால் எங்க டோன்யா?"

"பஸ்காரரைக் கேளு. ஆனா தரையைத் தொடும். நீ செருப்புப் போட்டாலும் தொடும்."

"வால் இல்லாததும் நல்லதுதான். ஓட வேண்டியிருந்தா தடுக்காது."

"ஓடறதுக்கு வேற ஆளுங்க இருக்கோம்," என்றார் எவெலியா. "கையைக் கழுவிட்டு வா."

நெரெய்தா கழுவித் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். எவெலியா கவுனை அவற்றின்மேல் கிடத்தினார்.