படகோட்டியைக் காப்பாற்றிய கதை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஹெப்பாள் போகும் கம்பெனி பஸ்ஸில், சாக வேண்டிய ஒருவரை நான் பிழைக்க வைத்தேன்.

பதறாதீர்கள். அவர் ஒரு நாவலில் வரும் படகோட்டி.

பஸ்ஸில் என் பக்கத்து சீட் சௌம்யாவுடையது. அக்ரஹாரத்தில் ஏறுவாள். மேல்கோட்டைப் பூர்வீகம். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து தெரியாது. நான்கு மாதங்களுக்கு முன் அவள் அப்பா தவறிப்போனார். அதன்பின் பஸ்ஸில் பேச்சே இல்லை. ஒரே ஒருநாள் மட்டும் சொன்னாள்.

"கண்ண மூடினா அந்த ஆஸ்பத்திரி முகந்தான் வரது அக்கா. ட்யூப் வெச்ச முகம். அதுக்கு முன்னாடி அப்பா எப்டி இருந்தார்னே ஞாபகம் வரமாட்டேங்கறது."

எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் கதைதான். பையில் ஒரு பழைய மாயாஜால நாவல் இருந்தது. பிரித்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி வாசிக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கதையில் ஓர் ஆறு. அதைக் கடப்பவர்கள் ஆளுக்கு ஒரு ஞாபகத்தைக் கூலியாகக் கொடுத்துவிட வேண்டும். ஒருத்தி தன் கல்யாணப் பாட்டைக் கொடுப்பாள். ஒரு சிப்பாய் தன் ஊரின் பெயரைக் கொடுப்பான். படகோட்டி அத்தனையையும் வாங்கி, கரையில் கட்டியிருக்கும் படகுகளில் பத்திரமாக வைத்துக்கொள்வார். அவருக்குப் பெயர் கிடையாது. முகம் எப்படி இருக்கும் என்று ஆசிரியர் ஒரு வரிகூட எழுதவில்லை. துடுப்பை எடுக்கும் முன் படகின் விளிம்பை இரண்டு தடவை தட்டுவார்... அவ்வளவுதான்.

இளவரசன் வாளை உருவினால் சௌம்யா கொட்டாவி விடுவாள். படகோட்டி தட்டினால் நிமிர்ந்து உட்காருவாள். ஏன் அப்படி? நாயகனைப் பற்றி ஆசிரியரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். நமக்கு வேலையே வைப்பதில்லை. ஓரமாக நிற்பவனைப் பாதி வரைந்து விட்டுவிடுகிறார். மீதியை நமக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் முகத்தை வைத்துத்தானே நிரப்புகிறோம்?

இரண்டு மாதம் இப்படியே போனது. வெளியே பனிமூட்டம். உள்ளே பாதிப் பேர் தூக்கம். சில காலைகளில் எங்கள் சீட்டுக்கு அடியில் நிஜமாகவே தண்ணீர் ஓடுகிறது என்று தோன்றும். காலைத் தூக்கி வைத்துக்கொண்டுகூட உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

போன திங்களன்று, அடுத்த நாள் வாசிக்க வேண்டிய அத்தியாயத்தை வீட்டில் புரட்டினேன். படகோட்டி நோயில் படுக்கிறார், சாகிறார். பட்டென்று புத்தகத்தை மூடிவிட்டேன். இதைப் போய் அவளிடம் வாசிப்பதா?

செவ்வாய்க்கிழமை, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டேன். மலையிலிருந்து ஒரு வைத்தியரை இறக்கினேன். மூலிகை கொடுத்தேன். படகோட்டி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் இறங்கும்போது சௌம்யா, "புக்க ஒருநாள் தாங்கோ அக்கா" என்றாள். அட்டைப்படம் பார்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை புத்தகம் அவள் மடியில் இருந்தது.

"நேத்திக்கு அரை மணி நேரம் படிச்சேள். ஒரு பக்கங்கூடத் திருப்பலையே அக்கா" என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "உனக்குத் தமிழ் படிக்க வராதேம்மா?"

"ரெண்டு மாசமா உங்க விரல் போற எடத்தையே பாத்துண்டு வரேன். எழுத்துக் கூட்டி நாலு பக்கம் படிச்சேன். மூணு மணி நேரம் ஆயிடுத்து. அவர் போயிடறார். ஹௌதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அதுக்கப்பறம் படகெல்லாம் தானா கெளம்பறதுன்னு போட்ருக்கு. எங்க போறதுன்னு தெரியல. அதுக்கு மேல என்னால முடியல. நீங்க படிங்கோ. இருக்கறத இருக்கறபடியே படிங்கோ."

எனக்கும் தெரியாது. சாவைப் பார்த்ததுமே மூடியவள்தானே நான்? வெட்கமாக இருந்தது. வாசித்தேன்.

படகோட்டி கண்ணை மூடியதும் கரையில் கட்டியிருந்த படகுகள் தாமாக அவிழ்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டை நோக்கிப் போகிறது. அடுப்படியில் நிற்கும் அந்தப் பெண் காரணம் தெரியாமல் தன் கல்யாணப் பாட்டை முணுமுணுக்கிறாள். எங்கோ ஒரு பாசறையில் சிப்பாய் தூக்கத்தில் தன் ஊரின் பெயரைச் சொல்கிறான்... அவர் வாங்கி வைத்திருந்த அத்தனையும் ஒரே ராத்திரியில் உரியவர்களிடம் திரும்பிவிடுகிறது.

மாயாஜாலக் கதையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைக்கிறோம். இல்லை. அங்கேதான் சட்டம் ரொம்பக் கறார். அவரை என் இஷ்டத்துக்குப் பிழைக்க வைத்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் திரும்பியிருக்காது.

சௌம்யா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். நான் நிறுத்தவில்லை. ஹெப்பாள் கேட் வந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவள் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா தும்மினா தெருவே திரும்பிப் பாக்கும் அக்கா. அடுத்தாத்து நாய் கொலைக்க ஆரம்பிச்சுடும். 'பாரு, அவன் ஒருத்தன்தான் எனக்கு பதில் சொல்றான்'ம்பார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் தடவை.

அந்தத் தும்மலைத்தான், ரொம்ப நல்ல மனசோடு, நான் அவளிடமிருந்து ஒளித்துவைக்கப் பார்த்தேன்.