ஆளுக்குச் சொல்லாத சொல்

என் சின்னம்மா சாயப்பட்டறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கையுறை போட்டாலும் நகக்கண்ணில் சாயம் ஏறிவிடும். ஒரு வாரம் பச்சை, மறு வாரம் கருநீலம். சித்தப்பா போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடு ஒரே அறையில்தான் இருக்கிறாள். அவள் வேலை முடிந்து வந்தால் அறை முழுக்க அழுகிய முட்டை வாடை அடிக்கும்.

அந்தப் பட்டறைக்குப் புது இயந்திரங்களை ஓட்டிக் காட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவருக்குச் சமைக்க ஆள் தேடிய மேனேஜர் சின்னம்மாவைப் பிடித்துப் போட்டார். இன்னும் மூன்று வெளிநாட்டுக்காரர்கள் வரப்போகிறார்கள், அவர்களுக்கென்று ஒரு பெரிய வீடு எடுக்கப்போகிறோம், நல்ல பேர் எடுத்தால் அந்தச் சமையலறையே உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அது கிடைத்தால் மறுபடி பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். சின்னம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அம்மா வாயிலிருந்து 'தண்டச்சோறு' வருவதற்குள் சின்னம்மா என்னைக் காய் நறுக்கக் கூட்டிப்போய்விடுவாள்.

வெளிநாட்டுக்காரர் வீடு என்றால் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாப்பிடும் மேஜை மேலேயே கால் நகத்தை வெட்டிப் போட்டிருப்பார். காப்பிக் கோப்பையில் சிகரெட்டை அணைப்பார். அது ஊறி, பழுப்பாக நூல் நூலாக மிதக்கும். முகம் கழுவும் தொட்டியில் சவரம் செய்த மயிர் சோப்போடு சேர்ந்து காய்ந்திருக்கும். உள்ளாடைகளை நடு ஹாலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார். சமையலுக்கென்று போனவள் எல்லாவற்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அள்ளுவாள். ஆனால் முதல் நாள் அவர் கேட்டது என்ன தெரியுமா? அவள் கைச் சாயம் சாப்பாட்டில் இறங்கிவிடாதா என்று.

எந்த ஜன்னலையும் திறக்க விடமாட்டார். கீழே சாக்கடை நாறுகிறதாம். அது அவர் வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து வரும் தண்ணீர்தான்.

சாயங்காலமானால் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் ஊர்க்காரர்களுக்கு வீடியோ எடுப்பார். இந்த ஊரில் எவ்வளவு குறைந்த செலவில் ராஜா மாதிரி வாழலாம் என்பதுதான் எப்போதும் பேச்சு. பல் பிடுங்குவது மலிவு, முடி வெட்டுவது மலிவு, வாடகை மலிவு. அவர் இங்கிலீஷில் பாதிதான் எனக்குப் புரியும். ஆனால் 'மலிவு' என்பதை மட்டும் நம் பாஷையிலேயே சொல்வார். கார் டிரைவர் கடைத்தெருவில் சொல்லிக்கொடுத்த வார்த்தை.

"அவருக்கு நாலே வார்த்தைதான் தெரியும்க்கா. அக்கா, தண்ணி, ரொம்ப, மலிவு. இத வச்சே ஊரை வாங்கிட்டுப் போயிடுவாரு பாரு," என்பார் டிரைவர். சின்னம்மா சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

புது ஆட்கள் மூவரும் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. மேனேஜரும் வந்திருந்தார். சின்னம்மா விடியலிலிருந்து அடுப்படியில் நின்றாள். நகத்தை எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்திருந்தாள். எல்லோரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். வேலை கிடைத்த மாதிரிதான் என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் செல்போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். எண்ணெய்க் கையைச் சின்னம்மாவின் தோளில் போட்டு, அவளையும் படத்துக்குள் இழுத்தார். சமையல், துவைப்பது, கழுவுவது எல்லாம் இந்த ஒரே ஆள் என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு புது ஆட்கள் பக்கம் திரும்பி, நம் பாஷையில் பெருமையாகச் சொன்னார்:

"அக்கா ரொம்ப மலிவு."

கத்தரிக்காயைச் சொல்லலாம், துணியைச் சொல்லலாம். ஒரு பெண்ணைப் பார்த்து அப்படிச் சொன்னால் அவள் நடத்தையைச் சொன்னதாகிவிடும் என்று அவருக்குத் தெரியாது. புது ஆட்களுக்கும் தெரியாது, அவர்கள் தலையாட்டினார்கள். விழுந்து விழுந்து சிரித்தவர் மேனேஜர் ஒருவர்தான். பல்லிடுக்கில் இறைச்சி நார் தெரியச் சிரித்தார்.

சின்னம்மா தோளிலிருந்த கையை எடுத்துவிட்டாள். வெள்ளைக்காரரைப் பார்க்கவே இல்லை. மேனேஜரிடம் சொன்னாள்:

"அவருக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியுமே."

சிரிப்பு நின்றது. "அட விடும்மா, பாராட்டத்தானே செய்யிறாரு," என்றார் மேனேஜர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

சின்னம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். சிகரெட் மிதந்த கோப்பையை மட்டும் தொடவில்லை. வீட்டுச் சாவியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கையில் கிடைத்த சோற்றை யாராவது தட்டிவிடுவார்களா என்று அம்மா பொரிந்து தள்ளினாள். மறுநாள் டிரைவர் வாசலில் வந்து நின்றார்.

"புகழ்ந்துதானே பேசினேன், ஏன் கோபம்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல? எல்லாருக்கும் உன் சமையல்தான் வேணுமாம்க்கா."

"சமைக்க வரேன். அவங்க துணியத் தொடமாட்டேன், கக்கூஸ் கழுவமாட்டேன். அதுக்கு வேற ஆள் போடச் சொல்லு. சம்மதம்னா வந்து கூப்பிடு."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு ஆளா? அவங்க இந்த ஊருக்கு வந்ததே ரெண்டு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க இல்லையேக்கா."

"அப்ப வேற எடம் பாக்கச் சொல்லு."

டிரைவர் திரும்பி வரவில்லை. அடுத்த தெருவில் ஒருத்தி இப்போது அந்தப் பெரிய வீட்டுக்குப் போகிறாள். சமையல், துவையல், கழுவல் எல்லாம் அவளேதான். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அந்தக் கோப்பையை இனி அவள்தானே கழுவ வேண்டும்.

சின்னம்மா பழையபடி பட்டறைக்குப் போகிறாள். நேற்று நகமெல்லாம் சிவப்பாக வந்தாள். குளித்தும் வாடை போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததுமே எனக்குக் குமட்டியது.

"நாறுதாடி? தள்ளி உக்காந்து சாப்பிடு," என்றாள்.

இல்லை என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. "நாறுது," என்றேன். தள்ளி உட்காராமல், தட்டில் இருந்ததைத் தின்று முடித்தேன்.